மருந்துப் பெட்டியிலிருந்து தொடங்குவோம்

போகிக்கு முன்பாக வீட்டைத் துப்புரவு செய்வது நம் மரபு. பரணிலிருந்து பழம்பொருள்கள் இறங்கும். சுவர்கள் வெள்ளை பூணும். ஆனால், சித்திரை பிறப்பதற்குள் மேசையும் அலமாரியும் மீண்டும் நிரம்பிவிடுகின்றன. நோயாளி உள்ள வீட்டிற்கு ஆண்டுக்கொரு முறை நடைபெறும் பெருந்துப்புரவு போதாது. நாள்தோறும் பத்து நிமிடப் பழக்கமே தேவை என்பது எங்கள் கருத்து. அங்கே ஒழுங்கு என்பது அழகைப் பற்றியதன்று, பாதுகாப்பைப் பற்றியது.

முதலில் மருந்துப் பெட்டியைப் பாருங்கள். மருத்துவர் நிறுத்திவிட்ட மாத்திரையும் புதிதாக எழுதித் தந்த மாத்திரையும் பல வீடுகளில் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. ஒரே மருந்தை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன. காய்ச்சலுக்கென ஒன்றும் சளிக்கென இன்னொன்றும் விழுங்குபவர், இரண்டிலுமே பாரசிட்டமால் இருப்பதை அறியாதிருக்கலாம். அளவு மிஞ்சினால் அது கல்லீரலைப் பாதிக்கும்.

ஆகவே, புதிய சீட்டு வரும் நாளிலேயே, நிறுத்தப்பட்ட மருந்துகளைப் பெட்டியிலிருந்து அகற்றிவிடுங்கள். அட்டையிலிருந்து வெட்டித் தரப்படும் மாத்திரைகளில் காலாவதி நாள் இல்லாமற் போகலாம். கடை ரசீதில் அது இருக்கும் என்பதால் ரசீதையும் உடன் வையுங்கள். திறந்த கண் சொட்டு மருந்தைப் பொதுவாக ஒரு மாதத்திற்குமேல் பயன்படுத்தலாகாது. திறந்த தேதியைப் புட்டியின்மேல் எழுதுங்கள். வேண்டாத மருந்துகளைக் கழிவுநீரில் கொட்டவோ போகித் தீயில் இடவோ வேண்டாம். அப்புறப்படுத்தும் முறையை மருந்தாளுநரிடம் கேட்டறியுங்கள்.

அடுத்தது நடைபாதை. உலகில் தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களுக்கு இரண்டாவது பெருங்காரணம் கீழே விழுதல் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது; அவ்வாறு இறப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. எனவே, இரவு படுக்குமுன் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். செருப்பு, வாளி, சுருண்ட கால்மிதி, தரையில் கிடக்கும் சார்ஜர் கம்பி ஆகியவற்றை அப்போதே எடுத்துவிடுங்கள்.

"நோயாளியைக் கவனிக்கவே நேரமில்லை, இதற்கு நேரம் ஏது?" என்று கேட்பது நியாயமே. ஆனால், நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு வருபவரின் உறவினர், பழைய இசிஜி எந்தப் பையில் உள்ளது என்று தேடுவதில் இழக்கும் நேரம் அதனினும் பெரிது. மருத்துவச் சீட்டுகளைத் தேதி வரிசைப்படி, புதியது மேலே இருக்குமாறு ஒரே கோப்பில் வைத்தால் இந்தத் தவிப்பு குறையும்.

இரண்டு செய்திகளை வலியுறுத்த விரும்புகிறோம். ஒன்று, இப்பணி முழுவதையும் பராமரிப்பவர் ஒருவர்மீதே சுமத்தலாகாது. பெரும்பாலும் அவர் அவ்வீட்டின் பெண்ணாகவே இருக்கிறார். கோப்பை மகனும், பாதையைப் பேரப்பிள்ளைகளும் பொறுப்பேற்கலாமே. மற்றொன்று, நோயாளியின் பொருள்களை அவரைக் கேளாமல் அகற்றாதீர்கள். பிறருக்குக் குப்பையாகத் தோன்றும் பழைய கண்ணாடிக்கூடு அவருக்கு ஓர் ஆறுதலாக இருக்கலாம். படுத்திருந்தாலும் அது அவருடைய வீடுதான்.

இன்றிரவு மருந்துப் பெட்டியை மட்டும் திறந்து பாருங்கள். ஐயமுள்ள மருந்துகளை அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.