நூலில் உறங்கும் யாழ்

பேராதனையில் சென்ற மாதம் ஒரு மாலை வகுப்பில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். பேரியாழுக்கு நரம்பு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகாரர் வழிநின்று விளக்கி முடித்தேன். மாணவர் ஏடுகளில் எண்களைக் குறித்துக்கொண்டனர். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அது எப்படி ஒலிக்கும்?" என்று கேட்டாள்.

நரம்பின் தொகை எனக்குத் தெரியும். கோடும் பத்தரும் திவவும் ஆகிய உறுப்புக்களின் பெயரும் தெரியும். அதன் ஒலியை நான் அறியேன். அதனை அவளிடம் ஒப்புக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்றிரவு நண்பரொருவர் இல்லத்தில் அயர்லாந்து நாட்டு இசைத்தட்டு ஒன்றைக் கேட்க நேர்ந்தது. கெல்டிக் யாழ் என்று உலகம் வழங்கும் கருவி அது. ஒவ்வொரு சுரத்திற்கும் தனித் தந்தி; வீணையிற்போல மெட்டு இல்லை. பழைய முறையில் உலோகத் தந்திகளை நகத்தால் மீட்டுவர். தந்தியின் நாதம் நெடுநேரம் நின்று ஒலிக்குமாதலின், மீட்டிய விரலே மறுகணம் சென்று அதனை அடக்கவும் வேண்டும். எழுப்புவதும் அடக்குவதும் ஒரே கைக்குரிய தொழில். கேட்கக் கேட்க, மாணவியின் வினாவே என் காதில் ஒலித்தது.

அந்நாட்டு வரலாறு நம் வரலாற்றுக்கு மிக அணித்தாக நிற்பது. அங்கும் யாழ்ப்புலவர் குறுநில மன்னரைச் சார்ந்து வாழ்ந்தனர். 17ஆம் நூற்றாண்டில் அம்மன்னர் வீழவே, யாழ்ப்புலவர் புரவலரை நாடி ஊரூராகச் சென்றனர். கண்ணொளி இழந்த டர்லக் ஓ கரோலன் (1670–1738) குதிரையேறி வழித்துணையோடு மனைதோறும் சென்று, தம்மைப் பேணியோர் பெயரால் இசை இயற்றினார். நம் ஆற்றுப்படை நூல்களிற் காணும் பாணரை இவர் நினைவூட்டவில்லையா? பார்வையற்ற யாழ்வல்லான் ஒருவன் அரசனிடம் மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றான், அதுவே யாழ்ப்பாணம் ஆயிற்று என்று நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு.

1792ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் எஞ்சிய யாழ்ப்புலவரை ஒருங்கு கூட்டினர். வந்த அயர்லாந்தார் பதின்மரே. அவருள் முதியவரான டெனிஸ் ஹெம்சன் 97 வயதினர் என்பர். நகத்தால் மீட்டும் தொன்முறையை அங்கே காட்டியவர் அவர் ஒருவரே. அவர்கள் வாசித்தவற்றை எழுதிக்கொள்ளும் பணி எட்வர்ட் பண்டிங் என்னும் 19 வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். மெட்டுகள் அழியாமல் நின்றன. ஆனால் அவர் அவற்றைப் பியானோவுக்கு ஏற்ப அமைத்தே அச்சிட்டார். ஏட்டில் இசை வாழ்ந்தது. கை மரபோ அற்றுப்போயிற்று. இன்று அங்கு யாழ் கேட்கிறதென்றால், பிற்காலத்தோர் புதிய கருவி செய்து, சிறுவர்க்கு மீண்டும் பயிற்றியதனாலேயே. அதற்கென்றே 1960இல் யாழ் நண்பர் சங்கம் ஒன்று தோன்றியது. 2019இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் அயர்லாந்து யாழிசையைச் சேர்த்துக்கொண்டது.

நமக்கும் ஒரு பண்டிங் வாய்த்தார். அவரினும் அரிய பணி செய்தவர் என்றே சொல்வேன். பண்டிங்குக்குக் கண்ணெதிரே பதின்மர் இருந்தனர். காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளுக்கு ஒருவரும் இலர். சிலப்பதிகார அடிகளையும் உரையையும் கணித அறிவையும் கொண்டு, மறைந்த கருவியை அவர் மீட்டெடுக்க முயன்றார். பதினான்கு ஆண்டு உழைப்பு 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் "யாழ் நூல்" என அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். அப்பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. அவர் வழிவந்த நாம் அந்நூலைப் போற்றுகிறோம், பேசுகிறோம், தேர்வில் வினாவாகவும் வைக்கிறோம். கருவியைத் தொட்டவர் எத்தனை பேர்?

நூல் மட்டும் ஒரு கலையைக் காப்பதில்லை என்பதற்குக் கண்டியிலேயே சான்று உண்டு. கண்டியரசு 1815இல் வீழ்ந்தது. ஆயினும் எசல பெரஹராவில் கெட்டபெர முழவும் தவிலும் தம்மட்டமும் இன்றும் அதிர்கின்றன. மன்னன் போனான், முழவு போகவில்லை. கோயில் ஊழியத்திற்கென நிலம் பெற்ற குடிகள் தலைமுறைதோறும் அதனைக் கையிலிருந்து கைக்கு மாற்றித் தந்தனர். நிலமும் கடமையும் கேட்போரும் இருந்தமையால் கலை நின்றது. பாணருக்கு இம்மூன்றும் அற்றன.

மறுப்புரைப்போர் உண்டு. வீணை வந்தபின் யாழ் எதற்கு என்பர் சிலர். நரம்பை அசைத்துக் கமகம் எழுப்ப வீணையே ஏற்றது என்பது மெய். யாழ் மறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். திருஞானசம்பந்தர் பதிகத்தை யாழில் அடக்க மாட்டாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கருவியையே முறிக்க முற்பட்டார் என்ற கதையும் யாழின் எல்லையைச் சுட்டுகிறது. ஆயின் எல்லையுடைய கருவி எல்லாம் இழக்கத்தக்கது என்றால், புல்லாங்குழலும் நாகசுரமும் எஞ்சுமா? பர்மியர் தம் வில்யாழைக் கைவிடவில்லையே.

இன்று செய்யும் யாழ் பழைய யாழ்தானா என்பர் வேறு சிலர். அது நேர்மையான வினா. முழுதும் அதுவே என்று யாரும் உறுதி கூற இயலாது. அயர்லாந்தார் இன்று பெரிதும் வாசிப்பதும் உலோகத் தந்தி நீங்கி நைலான் நரம்பு பூண்ட புதுக்கருவியே. அதனால் அவர்கள் வெட்கிக் கைகட்டி இருக்கவில்லை. தமிழ்நாட்டில் தருண் சேகர் என்னும் இளைஞர் அண்மையில் யாழ் செய்து, மேடையிலும் ஒலிக்கச் செய்துள்ளார். தச்சன் கையும் மாணவன் விரலும் சேர்ந்து பிழை செய்து திருத்திக்கொள்ளாமல், பிழையற்ற யாழ் எங்கிருந்து வரும்?

நான் வேண்டுவது பெரிதன்று. இன்னுமொரு விழாவோ மலரோ வேண்டா. அடிகள் வகுத்த கணக்கின்படி ஒரு யாழ், அதனைச் செய்ய ஒரு தச்சர், பயில நான்கைந்து மாணவர், ஆண்டிற்கொரு முறை தேவாரப் பண் ஒன்றை அதில் வாசித்துக் கேட்க ஓர் அவை: கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் மண்டபமே போதும். பள்ளி ஆசிரியரும் பழைய மாணவர் சங்கத்தாரும் மனங்கொண்டால் இதற்கு அரசின் ஆணை வேண்டியதில்லை. முதற்செலவுக்கு என் பங்கையும் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டும் அரங்கேற்று காதையைப் பாடஞ் சொல்வேன். அப்போதும் ஒரு மாணவி எழுந்து கேட்பாள். அன்று நரம்பின் தொகையைச் சொல்லி அவளை அமரச்செய்ய எனக்கு மனமில்லை.