குடும்பத்தின் பங்கை அளக்கும் முறை

கல்வியின் பெருமையை எடுத்துரைப்பார் பலர். அக்கல்விக்கு ஒரு குடும்பம் எவ்வளவு பொருள் தரவல்லது என்று அளந்தறியும் முறையை ஆராய்வார் சிலரே. உதவி நாடும் மாணவரது எதிர்காலம் அவ்வளவையைப் பொறுத்தே நிற்கின்றது. ஆதலின், அதனை விரிவாக வகுத்துள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வழக்கை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

அந்நாட்டில் அரசாங்க உதவி வேண்டும் மாணவர், குடும்பத்தின் வருமானத்தையும் சேமிப்பையும் ஒரு விண்ணப்பத்தில் எழுதித் தருவர். குடியிருக்கும் வீட்டின் மதிப்பு அதிற் சேராது. வருமானத்தில் வரியும், குடும்பத்தினர் தொகைக்கேற்ப வாழ்க்கைச் செலவுக்கென விதித்த தொகையும் கழிக்கப்படும். எஞ்சியதில் ஒரு பகுதியே கல்விக்குரியதாகக் கொள்ளப்படும். இதனை முன்னர்க் 'குடும்பத்தினின்று எதிர்பார்க்கும் பங்கு' என்றனர். 2020-இல் இயற்றிய சட்டத்தின்படி, 2024–25ஆம் கல்வியாண்டு முதல் 'மாணவர் உதவிக் குறியெண்' என்கின்றனர். பெயர் மாற்றம் நன்றே. முன்னைப் பெயரைக் கண்டோர், அத்தொகையைச் செலுத்தினாற் போதும் என மயங்கினர். பல கலாசாலைகளோ எஞ்சிய தேவை முழுவதையும் நிரப்புவதில்லை.

ஆயினும், பெயரோடு பிறிதொன்றும் மாறியது. அதனை யாம் ஒப்புகிலோம். முன்பு பெற்றோரின் பங்கு, ஒரே காலத்திற் கலாசாலையிற் பயிலும் மக்களின் தொகையால் வகுக்கப்பட்டது. அப்பங்கு 12,000 டாலர் எனக் கொள்வோம். இருவர் பயின்றால் ஒவ்வொருவர்க்கும் 6,000 என்று கணக்கிட்டனர். இப்பொழுதோ அவ்வாறு வகுப்பதில்லை. ஒவ்வொருவர்க்கும் 12,000, ஆக 24,000 டாலர் அக்குடும்பத்தின் தலைமேல் ஏறுகின்றது. அகப்பை இரண்டானால் பானையிற் சோறு இரட்டிக்குமோ?

இதற்கு விடை கூறுவாரும் உளர். சில ஆண்டு இடைவெளியிற் பிறந்த மக்களையுடையோர் அச்சலுகையைப் பெற்றிலர், செல்வரோ பெற்றனர், ஆதலின் அதனை நீக்குதலே நடுநிலை என்பர். இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால், முன்னவர்க்குச் சுமை ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றது. இரட்டையரைப் பெற்றோர்க்கு ஒருங்கே வந்து விழுகின்றது. செல்வரைத் தடுக்க வேண்டின், வருமான வரம்பொன்று விதிக்கலாம். அதன்பொருட்டு எளியோரின் சலுகையையும் பறித்தல் முறையன்று.

தக்க சான்று காட்டினால், கலாசாலையின் உதவி அலுவலர் கணக்கைத் திருத்தச் சட்டம் இடந்தருகின்றது என்பது மெய்யே. எனினும், அது அவர்தம் தீர்ப்பைப் பொறுத்தது. கேட்கலாம் என்று அறிந்தோர்க்கே கிட்டுவது. அறியாதார் வீட்டில் இருவருள் ஒருவர் நின்றுவிட நேரும். நிற்பது அண்ணனா, தங்கையா என்று பெற்றோர் தேர்ந்தெடுக்கும் துயரை எழுத எந்த விண்ணப்பத்திலும் இடமில்லை.

ஆகவே, குடும்பத்தின் பங்கை மதிப்பிடுவோர், 'வருமானம் எவ்வளவு?' என்று வினவுவதோடு, 'அதனைக்கொண்டு பயில்வோர் எத்துணையர்?' என்றும் வினவி, அவ்விடைக்கேற்பக் கணக்கை வகுத்தல் வேண்டும். அதுவே நேரிய அளவையாம்.