குளவி கொட்டி கை வீங்கினால்... எது வீக்கம், எது ஆபத்து?

கேள்வி: "போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போன பெண்ணுக்குக் கையில் குளவி கொட்டிவிட்டது. மறுநாள் விரலில் இருந்து முழங்கை வரை வீங்கிவிட்டது. 'அடுத்த தடவை கொட்டினால் உயிர் போய்விடும், இனி மலைக்கு அனுப்பாதே' என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். ஜீப் ஏறினால்தான் கூலி. வேலைக்கு அனுப்பலாமா, கூடாதா?"

- வாசகர், போடிநாயக்கனூர்.

பதில்: அதை முடிவு செய்ய ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கொட்டிய அன்று வீக்கம் அந்தக் கையோடு நின்றதா, இல்லை உடம்பில் வேறு எங்காவது ஏதாவது நடந்ததா?

கையோடு நின்றிருந்தால், அது கொட்டிய இடத்தைச் சுற்றி வரும் பெரிய ஒவ்வாமை வீக்கம். சிலருக்கு இது 10 சென்டிமீட்டருக்கு மேல் பரவும். முதல் இரண்டு நாள் ஏறிக்கொண்டே போகும், பிறகு இறங்கத் தொடங்கி, ஐந்து முதல் பத்து நாளில் வடிந்துவிடும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, உயிரை எடுக்காது. இப்படி வீங்கியவர்களில் அடுத்த முறை உடம்பு முழுக்க ஒவ்வாமை வருவது நூறில் 5 முதல் 10 பேருக்குத்தான். எனவே, முன்னெச்சரிக்கையோடு வேலைக்குப் போகலாம்.

கொட்டிய சில நிமிடங்களில் கீழே உள்ளவற்றில் ஏதாவது வந்திருந்தால் கதை வேறு:

* கொட்டாத இடங்களிலும் தடிப்பு, அரிப்பு
* உதடு, நாக்கு, கண் இமை வீக்கம்
* குரல் கம்முதல், மூச்சு இழுப்பு
* வாந்தி, வயிற்று வலி
* தலைசுற்றல், மயக்கம்

இவர்களில் நூறில் 30 முதல் 60 பேருக்கு அடுத்த கொட்டிலும் இதுபோல வர வாய்ப்பு உண்டு. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் காட்டி, ஆலோசனை பெறும்வரை தோட்டத்துக்குள் போகக் கூடாது.

உடனே செய்ய வேண்டியது

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். அதோடு ஒட்டிய விஷப்பை சிறிது நேரம் விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டியோ, கிள்ளியோ எடுக்கலாம். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுச் செல்லாது. ஒன்றே பல தடவை கொட்டும்.

கையில் கொட்டினால் வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம். கையை உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும். அரிப்புக்கு செட்டிரிசின் மாத்திரை உதவும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவது நம் பக்கத்துப் பழக்கம். விஷம் தோலுக்குள் இறங்கிவிடுவதால் மேலே தடவும் சுண்ணாம்பு அதைத் தொடாது. தோலைத்தான் வேக வைக்கும். மண்ணெண்ணெய், சாணம், சேறு எதுவும் வேண்டாம்.

மறுநாள் சிவந்து சூடாக இருப்பதைப் பார்த்து, 'செப்டிக் ஆகிவிட்டது' என்று ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் சிவப்பு பெரும்பாலும் ஒவ்வாமையால் வருவது. மூன்று நாளுக்குப் பிறகும் குறையாமல் கூடினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோதான் கிருமித்தொற்று என்று சந்தேகிக்க வேண்டும்.

மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால்

இங்கே நிமிடம்தான் கணக்கு. இதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்டிரிசின் மாத்திரை இதற்கு ஈடாகாது. போடிமெட்டில் இருந்து போடிக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். எனவே 'போடிக்கே போய்விடுவோம்' என்று காத்திராமல், 108-ஐ அழைத்து, அருகில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போக வேண்டும். அது கேரளப் பக்கம் இருந்தாலும் சரி.

மயங்குபவரை எழுப்பி நடக்க வைக்கவோ, ஜீப்பில் நிமிர்த்தி உட்கார வைக்கவோ கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் காலை நீட்டி உட்காரலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஊசி போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம் என்பதால், மருத்துவர் சொல்லும்வரை வீடு திரும்பக் கூடாது.

கூட்டமாகக் கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் ஆபத்துதான். அதிக விஷம் தசையைச் சிதைத்து, சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் டீ நிறத்தில் போனால் உடனே மருத்துவமனை. பல கொட்டு வாங்கியவர், குறிப்பாகக் குழந்தை, நன்றாகத் தெரிந்தாலும் காட்டிவிட வேண்டும். வாய்க்குள், தொண்டையில் கொட்டினால் ஒரு கொட்டே போதும், காத்திருக்கக் கூடாது.

கேள்வி: "தோட்டத்தில் உள்ள கூடுகளைத் தீ வைத்து அழித்துவிடலாமா?"

பதில்: எல்லாவற்றையும் அழித்தால் விளைச்சல் போகும். ஏலப்பூ ஒரு நாள்தான் இருக்கும். அந்த ஒரு நாளில் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் தேனீக்களே. தேனீ குறைந்தால் காய்ப்பிடிப்பு குறையும். பூக்கும் காலத்தில் காலை நேரத்தில் மருந்து தெளிக்காமல் இருப்பதும் இதற்காகவே.

நடக்கும் பாதையிலோ, குடியிருப்பு அருகிலோ கதண்டுக் கூடு இருந்தால் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையை அழைக்கலாம். தாமாகக் கல் எறிவதும் தீ வைப்பதும் வேண்டாம்.

தோட்டத்தில் இறங்கும் முன், ஒருவர் நிழல் மரங்களையும் பொந்துகளையும் சருகுக் குவியல்களையும் பார்த்து வர வேண்டும். கூடு இருக்கும் இடத்தில் துணி கட்டி அடையாளம் வைக்கலாம். களைவெட்டும் இயந்திரத்தின் அதிர்வு மண்ணுக்குள் உள்ள கூட்டைக் கிளப்பிவிடும் என்பதால், அந்த இடத்தைச் சுற்றி ஓட்டக் கூடாது. ஒரு தேனீ கொட்டினால் அந்த வாசனை மற்றவற்றையும் அழைக்கும். அதனால் அங்கே நின்று அடிக்காமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு விலகி ஓட வேண்டும். ஜீப்போ, மூடிய அறையோ இருந்தால் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் குதிப்பது உதவாது. தலை தூக்கும்போது மறுபடியும் கொட்டும்.

ஒரு முறை மயக்கம் வரை போனவர் யார் என்பது குழுவில் எல்லோருக்கும், ஜீப் ஓட்டுநருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவரைத் தனியாக ஒரு வரிசையில் காய் எடுக்க விடக் கூடாது.