சாவிக்கொத்தோடு ஒரு குறிப்பேடும்: பொது வேண்டுகோள்



தமிழ்நாட்டின் கருவூலங்களிலும் பல துறைகளின் கணக்குப் பிரிவுகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். பணிக்காலம் முழுக்கக் கண்கூடாகக் கண்ட ஓர் இழப்பைத் தடுக்க உங்கள் துணையைக் கேட்கிறோம்.

மாதக் கடைசி நாளில் ஓர் ஊழியர் ஓய்வு பெறுகிறார். பொன்னாடை போர்த்தி, மாலையிட்டு, வீடுவரை கொண்டுபோய் விட்டு வருகிறோம். ரொக்கப் புத்தகம், பதிவேடுகள், சாவிக்கொத்து எல்லாம் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஏறிவிடுகின்றன. முப்பது ஆண்டு அந்த நாற்காலியில் சேர்ந்த அறிவு மட்டும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

எங்களில் ஒருவர் வேலை பார்த்த அலுவலகத்துக்கு, கணவரை இழந்த ஒரு பெண்மணி வருங்கால வைப்பு நிதிக்காக மாதக்கணக்கில் நடந்தார். சம்பளத்தில் பிடித்த பழைய தொகைகள் சில கணவரின் கணக்கில் வரவாகியிருக்கவில்லை. கருவூலத்தின் பெயர், செலவுச் சீட்டு எண், தேதி மூன்றும் இருந்தால் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு எழுதிச் சரிசெய்யலாம். அந்த விவரங்கள் உள்ள பழைய சம்பளப் பட்டியல் எந்தக் கட்டில் இருக்கிறது என்பது ஓய்வு பெற்றுப் போன உதவியாளர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரை வீடு தேடிப் போய் அழைத்து வந்தோம். அரைமணி நேரத்தில் கட்டு கிடைத்தது.

செலவை ஏற்காமல் தணிக்கையாளர்கள் எழுப்பும் தணிக்கைத் தடைகள் பலவும் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. செலவு முறையாகவே நடந்திருக்கும். எந்த அரசாணைப்படி என்று எடுத்துச் சொல்ல ஆளிருக்காது. சம்பளமும் ஓய்வூதியமும் கணினிக்கு வந்ததை மனமார வரவேற்கிறோம். ஆனாலும் எந்தக் கணக்குத் தலைப்பில் எவ்வளவு என்பதைத்தான் அது காட்டும். ஏன் அப்படிச் செய்தோம் என்பதை ஒருவர் எழுதி வைத்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். அரசாணைகளைத் தொகுத்து வைக்கும் இருப்புக்கோப்பு இதற்காகவே ஏற்பட்டது. அதை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும்.

எங்கள் வேண்டுகோள்கள் இவை:

பணியில் இருப்பவர்களே, ஓய்வோ இடமாறுதலோ வருமுன் ஒரு குறிப்பேடு எழுதுங்கள். நிலுவையிலுள்ள தணிக்கைத் தடைகள், பழைய கட்டுகள் இருக்கும் இடம், மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் தவறு நேரும் இடங்கள் ஆகியவற்றை எளிய தமிழில் குறித்து வையுங்கள்.

அலுவலகத் தலைவர்களே, அந்தக் குறிப்பேட்டையும் ஒப்படைப்புப் பட்டியலில் சேருங்கள். அடுத்து வருபவர் சில நாளாவது பழையவர் அருகில் உட்கார்ந்து வேலை பழக வழிசெய்யுங்கள்.

ஓய்வு பெற்ற நண்பர்களே, அலுவலகம் அழைத்தால் மறுக்காமல் போய்ச் சொல்லிக் கொடுங்கள்.

பொதுமக்களே, இது உங்கள் வரிப்பணத்தின் கணக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய, கிராம சபை கூடும் நாள்களில் வரவு செலவைக் கேட்பதோடு, தணிக்கைத் தடைகள் எத்தனை நிலுவை, அவற்றுக்குப் பதில் எழுதுவது யார் என்றும் கேளுங்கள். ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டுப் பராமரிக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவில் சொல்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

அடுத்த முறை ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது, அவர் மேசைமேல் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் அந்தக் குறிப்பேடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கருவூல, கணக்குப் பிரிவுப் பணியாளர்கள்