தழும்பை நம்பினால் மட்டும் போதுமா? பிரிட்டனில் சித்திரவதைக்குத் தப்பியோரின் புகலிடக் காத்திருப்பு

காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது என்ற வாசகத்தைத் தமிழ்நாட்டில் கேட்டிராதவர் இல்லை. காயத்திற்குக் காயம்பட்டவரையே பொறுப்பாக்கும் இந்த உத்தி காவல் நிலையத்தோடு நின்றுவிடுவதில்லை. 2011இல் பிரிட்டனுக்குச் சென்று புகலிடம் கோரிய ஈழத் தமிழர் ஒருவரின் முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய உலோகக் கம்பியால் சுட்ட தழும்புகள் இருந்தன. இலங்கை அரசுப் படையினரின் காவலில் தமக்கு இது நேர்ந்தது என்றார் அவர். புகலிட வழக்குக்குச் சான்று உருவாக்கும் பொருட்டு அவரே வேறொருவரைக் கொண்டு சூடு போட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்ற ஐயத்தின் பேரில் தீர்ப்பாயம் அவரை நம்ப மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மைத் தீர்ப்பால் அவரைக் கைவிட்டது. 2019 மார்ச் 6 அன்றுதான் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அம்முடிவை நீக்கி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. அவ்வாறு சூடு போட்டுக்கொள்வது மிக அரிதாகவே நிகழக்கூடியது என்றும், காயம் எவ்வாறு ஏற்பட்டிருக்கும் என்பது குறித்தும் மருத்துவர் கருத்துரைக்கலாம் என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

சட்ட மாணவர்கள் இத்தீர்ப்பைச் சான்றுச் சட்டத்தின் ஒரு மைல்கல்லாகப் படிக்கிறார்கள், படிக்கவும் வேண்டும். ஆனால் 2011க்கும் 2019க்கும் இடையே எட்டு ஆண்டுகள் கிடக்கின்றன. இத்தனை நீண்ட காத்திருப்பில் ஒருவர் எங்கே உறங்குகிறார், எதை உண்கிறார், இரவில் அலறி விழிக்கும்போது அருகில் யார் இருக்கிறார் என்பதைத் தீர்ப்புத் தொகுதிகள் சொல்வதில்லை.

பிரிட்டனின் 1999ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, வழியற்ற புகலிடக் கோரிக்கையாளருக்குத் தங்குமிடமும் வாராந்திர உதவித்தொகையும் வழங்குகிறது. அத்தொகை 2024இல் வாரத்திற்கு 49 பவுண்டு சொச்சம். உணவு தரப்படும் விடுதிகளில் இருப்போருக்குப் பத்துப் பவுண்டுக்கும் குறைவு. பேருந்துக் கட்டணம், தொலைபேசி, துணி எல்லாம் இதற்குள்தான். கோரிக்கை ஓராண்டு நிலுவையில் இருந்தாலொழிய வேலை செய்ய அனுமதி கேட்கவே முடியாது. அனுமதி கிடைத்தாலும் அரசு பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டுமே. எந்த ஊரில் தங்குவது என்பதும் அவர் கையில் இல்லை. ஒரு நகரத்தில் சிகிச்சையும் சில நண்பர்களும் ஒரு கோயிலோ தேவாலயமோ அமைந்து, மெல்லக் காலூன்றும் வேளையில் வேறு நகரத்திற்கு மாற்றும் கடிதம் வரலாம்.

வறுமை எல்லோருக்கும் கொடியது. சித்திரவதைக்குத் தப்பியவருக்கு அதில் இன்னொரு அடுக்கு உண்டு. பூட்டிய வாயில், சீருடைக் காவலர், நள்ளிரவில் கதவைத் தட்டும் ஓசை, அறிமுகமில்லாதவரோடு பகிர வேண்டிய அறை ஆகிய ஒவ்வொன்றும் அவரைப் பழைய அறைக்குள் தள்ளுகின்றன. 2020இல் கென்ட் பகுதியின் நேப்பியர் இராணுவக் குடியிருப்பில் நூற்றுக்கணக்கானோர் தங்கவைக்கப்பட்டனர். சித்திரவதைக்கும் ஆள்கடத்தலுக்கும் ஆளானதாகக் கூறியோர் வழக்குத் தொடுத்தனர்; அவர்களை அங்கு வைத்தது சட்டவிரோதம் என்று 2021 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இராணுவத்திடமிருந்து தப்பி வந்தவரை இராணுவக் கொட்டடியில் வைக்கக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

அரசு விட்ட இடத்தைத் தொண்டு நிறுவனங்களே நிரப்புகின்றன. போர் முடிந்த 1945இல் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் உயிர் பிழைத்தவர்களிடையே பணியாற்றச் சென்ற ஹெலன் பாம்பர், 1985இல் தொடங்கிய அமைப்புதான் இன்றைய ‘ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர்’. 2009 மே மாதத்திற்குப் பிறகான இலங்கைச் சித்திரவதை பற்றி 2015இல் அது வெளியிட்ட ஆய்வு, 148 மருத்துவ-சட்ட அறிக்கைகளை அடிப்படையாகக் கொண்டது. எங்களை ஈர்ப்பது அதன் இன்னொரு பக்கம். உளச் சிகிச்சையோடு தோட்ட வேலை, ரொட்டி சுடும் குழு, எழுத்துக் குழு ஆகியவற்றையும் அது நடத்திவந்திருக்கிறது. இவற்றைப் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடக் கூடாது. தன் உடலை இன்னொருவன் ஆண்ட அனுபவத்திலிருந்து மீள்பவருக்கு, மாவு பிசைந்து பிறருக்கு உணவு தருவது இழந்த ஆளுமையை மீட்கும் செயல். ஆயினும் அரசின் கடமையை நன்கொடையில் நடத்துவதற்கு ஓர் எல்லை உண்டு.

யார் சித்திரவதைக்கு ஆளானவர் என்ற வரையறையும் இங்கே முக்கியம். குடிவரவுத் தடுப்புக்காவலில் வைக்கத் தகாதோரை அடையாளம் காணும் கொள்கையில், பிரிட்டன் உள்துறை 2016இல் அச்சொல்லை அரசு அதிகாரிகள் இழைப்பதாகச் சுருக்கியது. அதனால் அரசு சாராதோரிடம் வதைபட்டவர்கள் விடுபட்டனர். 2017 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்றது. அடுத்த ஆண்டு திருத்தப்பட்ட விதியில், வதைபட்டவரின் கையறுநிலை வரையறையின் ஒரு பகுதியாயிற்று. இதன் பொருள் நமக்கு உடனே விளங்கும். சேரியிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு மரத்தில் கட்டிவைத்து அடிக்கப்படும் தலித் இளைஞரின் முன் நிற்பவர் சீருடை அணிந்திருப்பதில்லை, கையறுநிலையோ அதேதான்.

ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையின் 14ஆம் கூறு, இயன்றவரை முழுமையான மறுவாழ்வை உரிமை என்கிறது. மருத்துவம், உளநலம், சட்டம், சமூகச் சேவை அனைத்தும் அதில் அடங்கும் என்றும், புகலிடக் கோரிக்கையாளருக்கும் அது உண்டு என்றும் 2012இல் அதன் குழு விளக்கியது. இந்தியா 1997இல் அதில் கையொப்பமிட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையில் வலியுறுத்தியும் அசைவில்லை.

உடன்படிக்கைக்காகக் காத்திராமல் நம் கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ(6) பிரிவு, புலன்விசாரணையும் வழக்கும் நடக்கும் காலத்திலேயே பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பயண, பராமரிப்புச் செலவு, சமூகப் பொருளாதார மறுவாழ்வு, இடமாற்றம் ஆகியவற்றை உறுதிசெய்யச் சொல்கிறது. நாங்கள் உட்பட வழக்கறிஞர் பலரும் தவணைத் தீருதவித் தொகை வந்ததா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். உளநல ஆலோசனை, பாதுகாப்பான குடியிருப்பு, இடைநின்ற படிப்பு, இழந்த கூலி ஆகியவற்றைப் பெயர் குறிப்பிட்டுக் கேட்கும் மனுவை, பிணை எதிர்ப்பு மனுவோடு முதல் வாரத்திலேயே சிறப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். களத்திலிருக்கும் தோழர்களும் மாணவர்களும் உண்மை அறியும் குழுவாகச் செல்லும்போது காயங்களைப் படமெடுப்பதுடன், அக்குடும்பத்தில் இப்போது யார் வேலைக்குப் போகிறார், யார் உறங்குவதில்லை என்பதையும் கேட்டு எழுதி வந்தால், அம்மனுவுக்கு வேண்டிய சான்று அதிலேயே கிடைத்துவிடும்.