காம்பவுண்டுக்குள் இருந்தால் பத்திரமா?

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மட்டும் போய்க்கொண்டிருந்த நம் பையன்கள் இப்போது ஆப்பிரிக்காவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அதில் காங்கோவும் ஒன்று. அரிசி, மருந்து, வீட்டுச் சாமான் என்று மொத்த வியாபாரம் செய்யும் இந்தியர்கள் அங்கே உண்டு. கணக்கு எழுதவும், கிடங்கைப் பார்த்துக்கொள்ளவும் இங்கிருந்து ஆள் எடுக்கிறார்கள். நானும் 2009 முதல் 2014 வரை கின்ஷாசாவில் அப்படி ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவன். அதனால் வேலைக் கடிதம் கைக்கு வந்ததும் பெற்றோர்கள் என்னைத் தேடி வருவார்கள். கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. அரிசி கிடைக்குமா? கரண்ட் இருக்குமா? கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே தங்க இடம் தருவார்களா?

மூன்றாவதற்கு "தருவார்கள்" என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். உயரமான மதில், வாசலில் காவலாளி, உள்ளே ஜெனரேட்டர், நம் ஊர்ச் சமையல். பிள்ளை பத்திரமாக இருப்பான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் எண்ணம் வேறு. அந்த ஊரில் காம்பவுண்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவன்தான், ஒரு கஷ்டம் வந்தால் முதலில் திண்டாடுகிறவன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் இருக்கின்றன. காங்கோ ஆற்றின் ஒரு கரையில் கின்ஷாசா, எதிர்க்கரையில் பிரஸ்ஸாவில். இரண்டும் தலைநகரங்கள், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியும். நான் சொல்வது கின்ஷாசா இருக்கும் பெரிய காங்கோவைப் பற்றி. ஒரு காலத்தில் பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்து, பிறகு மொபுட்டு காலத்தில் ஜயீர் என்று பெயர் மாறி, 1997-இல் மறுபடியும் காங்கோ ஆன நாடு. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கின்ஷாசா வேறு, நாட்டின் கிழக்குப் பகுதி வேறு. கோமா, புகாவு ஆகிய நகரங்கள் 2025 தொடக்கத்தில் எம்23 என்ற கிளர்ச்சிப் படையின் கைக்குப் போயின. வேலை அந்தப் பக்கம் என்றால் சம்பளம் எவ்வளவு என்றாலும் வேண்டாம் என்பேன்.

கின்ஷாசாக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வேடிக்கைப் பேச்சு, "பதினைந்தாவது பிரிவு" என்பது. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருப்பதுபோலச் சொல்வார்கள். அதன் பொருள், "உன் பாட்டை நீயே பார்த்துக்கொள்" என்பதுதான். அரசாங்கம் கொடுக்க வேண்டியது வராதபோது, சிரித்துக்கொண்டே இதைச் சொல்லிவிட்டு ஒரு வழி தேடுவார்கள். ஆனால் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்வது என்றால் தனியாகப் பார்த்துக்கொள்வது இல்லை. நாலு பேரைத் தெரிந்து வைத்திருந்து பார்த்துக்கொள்வது. புதிதாகப் போகிறவனுக்கு இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

கரண்டையே எடுத்துக்கொள்வோம். காங்கோ ஆற்றில் இங்கா என்ற இடத்தில் இரண்டு நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. முதலாவது 1972-லும் இரண்டாவது 1982-லும் ஓட ஆரம்பித்தவை. அங்கிருந்து தென்கிழக்கில் இருக்கும் செம்புச் சுரங்கங்களுக்கு 1,700 கிலோமீட்டர் நீளத்துக்கு உயர் அழுத்தக் கம்பி போகிறது. கம்பிக்குக் கீழே இருக்கும் கிராமங்களில் இருட்டு. தலைநகரிலும் மின்வெட்டு அன்றாடச் சமாசாரம். தெருவில் கேபிள் எரிந்துபோனால் மின்வாரியத்துக்கு மனு எழுதிப் போட்டுவிட்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, சாமான் வாங்கி, ஆளைக் கையோடு கூட்டிவந்து சரிசெய்வார்கள். தண்ணீரும் அப்படித்தான். குழாய் வறண்டால், பக்கத்தில் யார் வீட்டில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, மஞ்சள் கேனில் கொண்டுவந்து கொடுக்கும் பையன் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். மதிலுக்குள் இருப்பவனுக்கு ஜெனரேட்டர் ஓடும்வரை இதெல்லாம் தெரியாது. டீசல் தீர்ந்த அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்பது தெரியவரும்.

அடுத்தது பணம். அங்கே டாலரும் ஓடும், காங்கோ ஃபிராங்கும் ஓடும். நான் இருந்தபோது ஒரு டாலருக்குச் சுமார் 900 ஃபிராங்க். பத்து வருடத்துக்குள் அது 2,000-ஐத் தாண்டிவிட்டது. 2012 வரைக்கும் புழக்கத்தில் இருந்த பெரிய நோட்டே 500 ஃபிராங்க்தான். நூறு டாலரை மாற்றினால் நூற்றெண்பது நோட்டு வரும், பையில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தெருவோரம் நாற்காலி போட்டு, நோட்டுக் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு மாற்றிக் கொடுப்பார்கள். டாலர் நோட்டில் மூலை கொஞ்சம் கிழிந்திருந்தாலும், பேனாக் கோடு இருந்தாலும் கையில் வாங்க மாட்டார்கள். இங்கிருந்து டாலர் வாங்கி அனுப்பும் பெற்றோர் புத்தம்புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது கைபேசியிலேயே எம்-பெசா, ஏர்டெல் மணி, ஆரஞ்ச் மணி என்று பணம் அனுப்ப முடிகிறது. தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே கட்டலாம், எடுக்கலாம். அந்தக் கடைக்காரருக்கு உங்கள் பிள்ளையின் முகம் பழகியிருப்பது நல்லது.

சாப்பாட்டைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறார்கள். அரிசி கிடைக்கும், பருப்பு கிடைக்கும், இந்தியச் சாமான் கடைகளும் இருக்கின்றன. விலைதான் கொஞ்சம் கூடுதல். ஆனால் சந்தைக்குப் போனால் நம் கீரைகளே அங்கே குவிந்து கிடக்கும். தண்டுக்கீரைக்கு அங்கே பித்தெகுத்தெகு என்று பெயர். புளிச்சக்கீரைக்கு ங்காய்-ங்காய். சர்க்கரைவள்ளிக் கொடியின் இலை மத்தெம்பெலே. மரவள்ளி இலையை இடித்து வேகவைத்தால் அது போந்து. மதேசு என்றால் பீன்ஸ் விதை. சைவக்காரர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். போந்துவில் பெரும்பாலும் மீன் சேர்த்திருப்பார்கள். மற்றபடி ஒரு கீரைக்காரம்மாவைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நாக்குக்குப் பஞ்சமில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல். உலகத்திலேயே மலேரியா அதிகம் இருக்கும் நாடுகளில் நைஜீரியாவுக்கு அடுத்தது காங்கோ. அங்கே வருவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை. இரண்டு நாள் அலட்சியமாக விட்டால் மூளை வரைக்கும் போய்விடும். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே கடிபட்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது.

எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த ஒரு பையனுக்கு இரண்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை இரவு காய்ச்சல் வந்தது. கம்பெனி டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். கூட இருந்தவர்கள் பாராசிட்டமால் கொடுத்துப் போர்த்திப் படுக்க வைத்துவிட்டார்கள். வாசல் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "இதைத் திங்கட்கிழமை வரைக்கும் விடக்கூடாது" என்றார். அவருடைய தங்கை இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மருந்தகத்தில் நர்ஸ். அந்த இரவிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மலேரியா. மருந்து ஆரம்பித்து, விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே முன்பணம் கட்டிய பிறகுதான் படுக்கை. அதையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். பையன் பிழைத்தான். அவனைப் பிழைக்க வைத்தது மதில் இல்லை, மதிலுக்கு வெளியே குடியிருந்த ஒரு மனிதரின் பழக்கம். அந்தக் காவலாளியிடம் ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் வருடக்கணக்காக வண்டியில் போய்வந்த நம் ஆட்களை எனக்குத் தெரியும்.

மலேரியா விஷயத்தில் இங்கிருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை விடுமுறைக்கு வந்து சில வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். நம் ஊர் டாக்டர் டெங்குவா, டைபாய்டா என்று பார்த்துக்கொண்டிருப்பார். "காங்கோவிலிருந்து வந்திருக்கிறான், மலேரியா பாருங்கள்" என்று முதல் வாக்கியமாக நீங்கள் சொல்லிவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேறு விஷயம், அது கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரைக்கும் தனியாக வைத்துவிடுவார்கள்.

பாஸ்போர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்" என்று வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடும் கம்பெனிகள் இருக்கின்றன. 1967-ஆம் வருடப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசாங்கத்தின் சொத்து. முதலாளி அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. வழியில் போலீஸ் கேட்டால் காட்ட ஒரு நகல் சட்டைப் பையில் இருக்கட்டும், அசல் தன் அறையில் தன் பூட்டுக்குள் இருக்கட்டும். போனவுடன் கின்ஷாசாவில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

"பழகு பழகு என்கிறீர்களே, அங்கே பயம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. இருட்டிய பிறகு தனியாக நடக்கக்கூடாது. தெருவில் கேமராவைத் தூக்கிப் படம் எடுக்கக்கூடாது, வம்பு வரும். வேவா என்று சொல்லும் வாடகை மோட்டார் பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் ஏறக்கூடாது. ஆனால் எந்தத் தெரு, எந்த நேரம், எந்த ஆள் என்று சொல்லித் தருவது யார்? அந்த ஊர்க்காரர்கள்தான். பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு என்பது பழகினால்தான் தெரியும். பழகாதவனுக்கு எல்லாமே பயமாக இருக்கும், கடைசியில் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிடுவான்.

பழகுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆபீசுக்குப் பிரெஞ்சு வேண்டும், தெருவுக்கு லிங்காலா வேண்டும். ஐம்பது சொல் போதும். ம்போத்தே என்றால் வணக்கம். "சாங்கோ நினி?" என்றால் "என்ன சேதி?" அதைக் கேட்காமல் நேராகக் காரியத்தைப் பேசினால் மரியாதை தெரியாதவன் என்று நினைப்பார்கள். நம் கிராமத்தில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதுபோல. பெரியவரை "பாப்பா" என்றும், வயதான அம்மாவை "மாமா" என்றும் கூப்பிட வேண்டும். நமக்கு முதலில் நாக்கு கூசும், பிறகு பழகிவிடும். லோபி என்ற சொல்லிடம் மட்டும் ஜாக்கிரதை. இந்தியில் கல் என்பதுபோல நேற்றுக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான். மெக்கானிக் லோபி என்றால் எந்த நாள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு போட்டு ஒருவர் எடுத்துக்கொள்ளும் சீட்டு அங்கேயும் இருக்கிறது. லிகெலெம்பா என்று பெயர். சீட்டுப் போடத் தெரிந்த ஜனங்களோடு நமக்குப் பழகத் தெரியாதா?

இதில் நம் பங்கும் ஒன்று இருக்கிறது. 2016 மே மாதம் டெல்லியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவரை அடித்துக் கொன்றுவிட்டார்கள். சேதி போனதும் கின்ஷாசாவில் இந்தியர் கடைகள் தாக்கப்பட்டன. டெல்லியில் நடந்ததற்கும் அந்தக் கடைக்காரர்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வருடக்கணக்காக ஒரு ஊரில் சம்பாதித்துக்கொண்டு, அந்த ஊர்க்காரரை மதிலுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தால், கோபம் வரும் நாளில் "இவர் நல்ல மனுஷர், விட்டுவிடுங்கள்" என்று சொல்ல ஆள் இருக்காது. அவர்கள் சொல்லும் பதினைந்தாவது பிரிவு வேடிக்கை. நம் அரசியல் சட்டத்தில் நிஜமாகவே ஒரு பதினைந்தாவது பிரிவு இருக்கிறது, பாகுபாடு கூடாது என்று. இங்கே படிக்க வரும் ஆப்பிரிக்கப் பிள்ளைகளை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதையும் அங்கே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே, வேலைக் கடிதத்தோடு வரும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். காம்பவுண்டு இருக்கிறதா என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப் போவார்கள், முன்பணம் யார் கட்டுவார்கள்? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வர விடுவார்களா? மொழி கற்றுக்கொள்ள ஏற்பாடு உண்டா? இதற்குச் சரியான பதில் வராத கம்பெனியின் மதில் எவ்வளவு உயரமாக இருந்தால் என்ன? போன பிறகு பிள்ளையிடம் போனில் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், வாசல் காவலாளியின் பெயர் என்ன, அவருக்கு எத்தனை குழந்தைகள் என்றும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். டக்கென்று பதில் சொன்னால் பையனைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.