விபத்து வழக்குக்குத் தரகர் எதற்கு?

தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் தலைவர் அவர்களுக்கு,



2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் உயிரிழந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அடிபட்டவரைக் காப்பாற்ற அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த 48 மணி நேரத்துக்குள் வேறொருவரும் வார்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். “எஃப்.ஐ.ஆர். காப்பி நான் வாங்கித் தர்றேன், வக்கீல் நம்ம ஆளுதான், இப்ப ஒரு பைசா தர வேண்டாம்” என்கிறார். கலங்கி நிற்கும் குடும்பம் நிரப்பாத வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறது. வழக்கு எந்த வக்கீலிடம் போகும் என்பதை அந்தத் தரகரே முடிவு செய்கிறார். அவருடைய பங்கு, பின்னால் வரும் இழப்பீட்டிலிருந்து போகிறது.

இது சட்டப்படி நடக்கவே கூடாத ஒன்று. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36ஆவது விதி, தரகர் மூலம் வழக்குப் பிடிப்பதைத் தடை செய்கிறது. 20ஆவது விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதையும் தடுக்கிறது. வழக்கறிஞர் அல்லாதவரோடு வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளவும் இடமில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே இழப்பீட்டில் சதவீதக் கட்டணம் சட்டப்படியானது; வழக்கை அனுப்பிவைத்த வக்கீலுக்குப் பங்கு தருவதைப் பல மாநிலங்கள் நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் காயமடைந்தவர்களின் வழக்குகளை அனுப்பிவைக்கக் கட்டணம் புழங்கியது. 2013 ஏப்ரல் 1 முதல் அந்த நாடு அதைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. இந்தியாவில் தடை ஏற்கெனவே உண்டு. செயல்படுத்துவதுதான் குறைவு.

தரகரால் வரும் பெரிய நட்டம் அவர் எடுக்கும் பங்கு மட்டுமல்ல. வழக்கு சரியாக நடத்தப்படாமல் போவதுதான் அதைவிடப் பெரிது. ஒரு கணக்கைப் பார்க்கலாம். 35 வயதுக் கொத்தனார் விபத்தில் இறக்கிறார். மனைவி, இரு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியவர்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று நிரூபித்தால், 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000 ஆகும். சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 16. மொத்தம் 30,24,000 ரூபாய். வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மாதம் 10,000 என்று வைத்துக்கொண்டால் இதே கணக்கு 20,16,000 ரூபாயில் நின்றுவிடும். இடைவெளி பத்து லட்சத்துக்கும் மேல். அந்த இடைவெளியை நிரப்புவது கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, மேஸ்திரியின் சாட்சியம், வங்கிப் பாஸ்புக். அவற்றைத் தேடி அந்த வீட்டுக்குப் போகிற வக்கீல் வேண்டும். தரகர் மூலம் மொத்தமாக வழக்குக் கட்டுகள் வந்து இறங்கும் அலுவலகத்தில் அதற்கு நேரம் ஏது?

காயமடைந்தவர் வழக்கில் நுணுக்கம் இன்னும் கூடுதல். 2011ஆம் ஆண்டு ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஒரு கையை இழந்தவருக்கு மருத்துவர் 60 சதவீத ஊனம் என்று சான்று தரலாம். அவர் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறனில் கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம். அந்த மனிதர் என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று தீர்ப்பாயத்தில் காட்டத் தெரிந்த வக்கீலுக்குத்தான் இந்தத் தீர்ப்பு பயன்படும்.

தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வந்த பிறகும் வக்கீலின் வேலை முடிவதில்லை. இழப்பீட்டுப் பணம் கட்டாத போக்குவரத்துக் கழகத்தின் மேல் நிறைவேற்று மனு போட்டு, அமீனா பேருந்து நிலையத்துக்கே போய் பஸ்ஸை ஜப்தி செய்த செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம்.

தரகு வளர்ந்தால் பொய் வழக்கும் கூடவே வளரும். உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து மனுக்கள் தொடர்பாக 2021 நவம்பரில் இந்திய பார் கவுன்சில் 28 வழக்கறிஞர்களை இடைநீக்கம் செய்ய வேண்டி வந்தது. பொய் மனு ஒவ்வொன்றும் உண்மையில் காலிழந்தவரைச் சந்தேகத்தோடு பார்க்கவைக்கிறது.

தலைவர் அவர்களே, தங்கள் கையில் கருவிகள் இருக்கின்றன. வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023இல் சேர்க்கப்பட்ட 45ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றமும் மாவட்ட நீதிபதிகளும் ஆட்சியர்களும், உரியவரின் விளக்கத்தைக் கேட்டபின், தரகர் பட்டியலை வெளியிடலாம். பட்டியலில் இருந்துகொண்டே தரகு செய்தால் மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். 500 ரூபாய் அபராதம் யாரையும் அச்சுறுத்தாது, ஆனால் நீதிமன்ற வளாகத்தில் ஒட்டப்படும் பெயர் அச்சுறுத்தும். மாவட்டந்தோறும் புகார்களைத் திரட்டி மாவட்ட நீதிபதியிடம் தாங்கள் அனுப்ப வேண்டும். 2024 ஜூலையில் இணையம் வழி வழக்குப் பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்ததும் இந்திய பார் கவுன்சில் சில நாட்களிலேயே சுற்றறிக்கை விட்டது. மருத்துவமனை வாசலில் நடப்பதற்கும் அதே வேகம் வேண்டும்.

தடை மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாலுகா ஊர்களில் தொழில் பழகும் இளம் வக்கீல்களுக்கு நேர்மையான வருமான வழி தேவை. விதி தடுப்பது வழக்கறிஞர் அல்லாதவரோடு பங்கிடுவதைத்தான். ஊரில் கட்சிக்காரரைத் தெரிந்த ஜூனியரும் தீர்ப்பாயத்தில் அனுபவமுள்ள சீனியரும் ஒரே வக்காலத்தில் கையெழுத்திடட்டும். இருவரும் வேலை செய்யட்டும். யாருக்கு எவ்வளவு கட்டணம் என்பதைத் தமிழில் எழுதிக் கட்சிக்காரரிடம் முன்கூட்டியே தரட்டும். அதற்கொரு மாதிரிப் படிவத்தைத் தங்கள் அமைப்பு வெளியிடலாம்.

இன்னொன்று அவசரமானது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்து பற்றிய முதல் அறிக்கையைக் காவல்துறை 48 மணி நேரத்துக்குள்ளும் விரிவான அறிக்கையைத் 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். எஃப்.ஐ.ஆர். காப்பிக்காக யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்பதை அடிபட்டவரின் குடும்பம் முதல் நாளே அறிய வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு சேர்ந்து, அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகள் அனைத்திலும் இதைத் தமிழில் எழுதி ஒட்டத் தாங்கள் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும்.